முதலாளியின் அன்பு போதுமா?

குமாஸ்தா காலம் முதல் கம்ப்யூட்டர் காலம் வரை: சென்னை உத்தியோகத்தின் கதை

1912-ஆம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி. சென்னைத் துறைமுக டிரஸ்டு ஆபீசின் கணக்குப் பகுதியில் புதிதாக ஒரு குமாஸ்தா வந்து சேர்ந்தார். வயது 24. எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். சம்பளம் மாதம் 30 ரூபாய். பெயர் ராமானுஜன்.

அதே ஆபீசில் மேல் உத்தியோகம் பார்த்த நாராயண ஐயர் கணிதத்தில் பிரியமுள்ளவர். பகலில் அவர் அதிகாரி, இவர் குமாஸ்தா. இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர். அவரும் இந்தக் குமாஸ்தாவின் மேதையை உணர்ந்து, மேலிடத்துக்கு எழுதி உதவினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்தபோது, துறைமுகத்தார் லீவு கொடுத்து அனுப்பினார்கள். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். பிறகு நடந்தது உலகம் அறிந்த விஷயம்.

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். "அந்தக் காலத்து மேலதிகாரி மாதிரி வருமா? இப்போது கம்பெனிக்கும் ஆளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்பார்கள். அடையாற்றில் அடுக்குமாடி வீட்டுக்குக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் அவர்களுடைய பிள்ளைகளும் அதை மறுப்பதில்லை. இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்கு ஒரு நாள் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால், வேலை போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட காலம் இது.

பெருமூச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலம் அவ்வளவு நல்ல காலந்தானா என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ராமானுஜனுக்கு உதவியது எந்தச் சட்டமும் அல்ல. இரண்டு மனிதர்களின் நல்ல மனசு. நாராயண ஐயர் இருந்த இடத்தில் கடுகடுப்பான ஓர் அதிகாரி இருந்திருந்தால்? ஆபீஸ் காகிதத்தில் கணக்குப் போட்டதற்காக அந்தக் குமாஸ்தாவின் சீட்டு கிழிந்திருக்கும். கேட்க நாதி இருந்திராது.

சிபாரிசுக் கடிதம்

வெள்ளைக்காரர் கம்பெனிகளில் வேலைக்குச் சேர அன்று முக்கியமாக வேண்டியது சிபாரிசு. ஹெட் குமாஸ்தாவுக்குத் தெரிந்தவர், அவர் ஊர்க்காரர், உறவுக்காரர் என்றால் கதவு திறக்கும். இல்லையென்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். உள்ளே போனவருக்கும் உயர ஓர் எல்லை உண்டு. ஹெட் குமாஸ்தா நாற்காலிதான் சிகரம். அதற்கு மேல் துரைமார்.

அதனால் "முதலாளி பிள்ளை மாதிரி வைத்துக் கொண்டார்" என்று சொல்லும் குடும்பங்கள், உள்ளே இடம் கிடைத்த குடும்பங்கள். கிடைக்காத குடும்பங்களுக்கு அந்தப் பொற்காலத்தில் பங்கு கிடையாது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் வந்த வகுப்புவாரி உத்தரவு, சர்க்கார் வேலையில் எல்லா வகுப்பாருக்கும் இடம் என்ற கொள்கையைக் கொண்டு வந்தது. 1929-ல் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாணங்களில் இதுதான் முதலாவது. சிபாரிசுக் கடிதத்தின் இடத்தைப் பரீட்சை பிடிக்கத் தொடங்கியது. பெண்களுக்கு இன்னும் வெகுகாலம் காத்திருக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் சர்க்கார் வேலையில் 100-க்கு 30 இடம் பெண்களுக்கு என்ற விதி வந்தது 1989-ல்தான்.

கம்பெனியின் பெரிய பெயரே பாதுகாப்பு என்று நம்பியவர்களும் உண்டு. 1906 அக்டோபரில் சென்னையின் மிகப் பெரிய வெள்ளைக்காரர் கம்பெனிகளுள் ஒன்றான ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் கதிகலங்கிப் போனார்கள். கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியவர்கள் முயன்று 1907-ல் இந்தியன் பாங்கை ஆரம்பித்தது இந்த அடிக்குப் பிறகுதான். பெயரையும் பிரியத்தையும் நம்பி வாழ்க்கையை ஒப்படைக்க முடியாது என்று சென்னைக்கு அன்றே பாடம் கிடைத்தது.

பெரம்பூரில் எழுந்த குரல்

அன்பை நம்பிக் காத்திராமல் உரிமை கேட்கலாம் என்று முதலில் சொன்னவர்கள் ஆபீஸ்காரர்கள் அல்ல. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைமை வகித்தார். வெஸ்லி கல்லூரியில் தமிழ் போதித்துவிட்டு 'தேசபக்தன்' ஆசிரியரான திரு.வி.க. துணை நின்றார். பின்னி கம்பெனி வாடியா மீது ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. சங்கம் வைப்பதே குற்றமா என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அந்த வழக்கு ஒரு காரணம்.

மயிலாப்பூர்க் குமாஸ்தா அன்று தம்மைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளச் சம்மதித்திருக்க மாட்டார். கோட்டும் தலைப்பாகையும் அவரைத் தடுத்தன. ஆனால் ஆலைத் தொழிலாளி நட்ட மரத்தின் நிழல் அவர் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. 1947-ல் வந்த தொழில் தகராறுச் சட்டம், எழுத்து வேலை செய்பவரையும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் அடக்கியது. அதே வருஷம் சென்னை சர்க்கார் கொண்டு வந்த கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் இன்னொரு படி போயிற்று. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக்கூடாது என்றது. முதலாளி கோபத்தில் "நாளை முதல் வராதே" என்று சொல்லும் அதிகாரம் அன்று சுருங்கியது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1952-ல் பிராவிடண்ட் பண்டு சட்டம். 1953-ல், சென்னை ஹைகோர்ட்டு முன்னாள் நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையிலான டிரிபியூனல் பாங்கு ஊழியர்களுக்குத் தந்த தீர்ப்பு. "சாஸ்திரி அவார்டு" என்று பாங்கு வட்டாரத்தில் இன்றும் பேர் சொல்லும். 1956 செப்டம்பர் 1-ந் தேதி எல்.ஐ.சி. தோன்றியது. 1969 ஜூலை 19-ந் தேதி 14 பாங்குகள் தேசிய மயமாயின. அவற்றில் இந்தியன் பாங்கு, இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு இரண்டுக்கும் தலைமையிடம் சென்னை. 1972-ல் கிராஜுட்டிச் சட்டம். தொண்டு கிழமாகிற வரை உழைத்தவருக்கு முதலாளி மனமிரங்கிக் கொடுத்த வெகுமதி, சட்டப்படி வாங்கும் பாக்கியாக மாறிற்று.

ஐந்து மணிக்கு மேல்

அந்த முப்பது, நாற்பது வருஷங்கள்தாம் சென்னை நடுத்தரக் குடும்பத்தின் வசந்த காலம். "மாப்பிள்ளைக்குப் பாங்கில் வேலை" என்றால் ஜாதகம் பார்க்கும் முன்பே பெண் வீட்டார் பாதி சம்மதித்து விடுவார்கள். மாதச் சம்பளம் தேதி தவறாது. வீட்டுக் கடன், பண்டிகை அட்வான்ஸ், லீவு எடுத்து ஊர் சுற்றிவர எல்.டி.சி., பிறகு பென்ஷன். ஒருவர் 22 வயதில் உள்ளே நுழைந்தால் 58-ல் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஐந்து மணிக்கு மேல் மனிதன் தனக்குச் சொந்தம். சென்னை சபா நாடகங்கள் மாலை ஆறரைக்குத் தொடங்கின என்றால், ஆபீஸ் ஐந்துக்கு முடிந்தது என்பதும் ஒரு காரணம். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதி மேடையேற்றினார். நாகேஷ் ரெயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். மேடையில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் குமாஸ்தாக்கள். கீழே பாய் விரித்து உட்கார்ந்தவர்களும் அநேகமாகக் குமாஸ்தாக்கள். நிச்சயமான சம்பளமும் நிச்சயமான மாலைப் பொழுதும் இருந்தபடியால்தான் ஓர் ஊரின் கலை வளர்ந்தது.

குறையே இல்லையா? இருந்தது. நாற்காலியில் மேல்துண்டு தொங்கும். ஆள் காண்டீனில் இருப்பார். செக்கு மாற்ற டோக்கன் வாங்கியவர் கவுண்டர் முன்னால் கால் கடுக்க நிற்பார். வேலை போகாது என்ற தைரியம் சிலருக்கு வேலையே செய்ய வேண்டாம் என்ற தைரியமாயிற்று. பொதுஜனத்தின் எரிச்சல் வளர்ந்தது. பின்னால் பாதுகாப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது, ஊழியர்களுக்காகப் பரிந்து பேச ஊரில் அதிகம் பேர் முன்வராததற்கு இந்த எரிச்சல் ஒரு காரணம். இதை ஊழியர் சங்கங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்டூடியோ காட்டிய வழி

நிரந்தர வேலை கரைந்து போவதைச் சென்னை முதலில் பார்த்தது கம்ப்யூட்டர் கம்பெனியில் அல்ல, சினிமா ஸ்டூடியோவில். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா முதல் தச்சர் வரை மாதச் சம்பளக்காரர்கள் இருந்தார்கள். கொத்தமங்கலம் சுப்பு அங்கே இருந்தார். எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை அங்கே உத்தியோகம் பார்த்தார். அந்த அனுபவங்களைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் புத்தகமாகவே எழுதினார். முதலாளியைப் "பாஸ்" என்று எல்லோரும் அழைத்த ஸ்தாபனம் அது.

ஸ்டூடியோக்களின் காலம் மங்கியது. மாதச் சம்பளம் போய், படத்துக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு பேட்டா என்றாயிற்று. திறமைக்காரர்கள் சிலர் முன்பு கனவு காணாத தொகை சம்பாதித்தார்கள். மற்றவர்கள் அடுத்த ஷூட்டிங் எப்போது என்று காத்திருந்தார்கள். இன்று சூட்கேஸ் அளவு பையைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகிற இளைஞனின் நிலைமையும் இதுதான். ஓடினால் காசு, நின்றால் இல்லை. கோடம்பாக்கத்தின் பழைய கதை, டெலிபோன் திரையில் புதிய பெயருடன் வந்திருக்கிறது.

2000-க்குப் பிறகு

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அடையாற்றுக்குத் தெற்கே புதிய ஆபீஸ் உலகம் எழுந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில், 2000-2001-ல், பொதுத் துறை பாங்குகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, சுமார் 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். தகப்பனார் பாங்கிலிருந்து தொகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகன் தரமணிக்குப் புறப்பட்டான். அநேக வீடுகளில் இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன.

சர்க்கார் வேலை என்ற கோட்டையிலும் விரிசல் கண்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று ஆயிற்று. அதே வருஷம் ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 சர்க்கார் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு ஆகஸ்டு 6-ந் தேதி தீர்ப்பளித்தது. வேலைநிறுத்தம் செய்ய ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிற்று. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து மீண்டும் வேலைக்குப் போனார்கள்.

புதிய ஆபீஸ்களில் சம்பளம் பெரிது. ஏ.சி. அறை, வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும் கார். மேலதிகாரியை "சார்" என்று கூடச் சொல்ல வேண்டாம். பேர் சொல்லி அழைக்கலாம். சிபாரிசு இல்லாமல், சிற்றூர் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த பிள்ளையும் பெண்ணும் உள்ளே நுழைந்தார்கள். இந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் பேர் சொல்லி அழைக்கும் உரிமை வேறு, வேலையில் இருக்கும் உரிமை வேறு. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் டி.சி.எஸ். ஆட்குறைப்பு செய்தபோது, சென்னையில் வேலை பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண் ஹைகோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி நோட்டீசை வாபஸ் பெற்றது. 2025 ஜூலையில் அதே கம்பெனி உலகம் முழுவதும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய சட்டங்களும் சரி, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் சரி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் தொழிலாளி என்று கருதுவதில்லை. புதிய ஆபீஸ்களிலோ பத்து வருஷம் வேலை செய்தவர் எல்லோரும் "மானேஜர்". அவருக்குக் கீழே ஆளே இல்லாவிட்டாலும் பட்டம் மட்டும் உண்டு. விசிட்டிங் கார்டில் பட்டம் ஏறும். சட்டத்தின் குடை விலகும். பட்டத்தைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார் என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. கோர்ட்டுக்குப் போகிற தெம்பு எத்தனை பேருக்கு உண்டு?

உட்கார ஒரு நாற்காலி

அன்பான முதலாளி வேண்டும் என்று ஏங்குபவர்கள், தியாகராய நகர் ரங்கநாதன் தெருவையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பிள்ளைகளுக்குக் கடைக்காரரே சாப்பாடு, கடைக்காரரே தங்க இடம். பார்க்கப் போனால், பழைய காலத்துப் பாசமுள்ள முதலாளி இதைத்தானே செய்தார்? ஆனால் சோறும் கூரையும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கையை எதிர்த்து யார் பேச முடியும்? வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010-ல் அந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியபோது ஊர் கண்ணீர் விட்டது.

அந்தப் பிள்ளைகளுக்கு 2021-ல் ஒரு சிறு விஷயம் கிடைத்தது. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் போட வேண்டும் என்று தமிழ்நாடு சட்டசபை 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் வேண்டியிருந்தது! இத்தனை வருஷ அன்பால் வராத நாற்காலி, ஒரு பக்கச் சட்டத்தால் வந்தது. அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று இனி ஜவுளி வாங்கப் போகிறவர்கள் கவனிப்பது நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

போன காலத்தைத் திரும்ப அழைக்க முடியாது. 36 வருஷம் ஒரே நாற்காலியில் இருக்க இன்றைய இளைஞர்களே விரும்பவில்லை. மூன்று கம்பெனிகளில் உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் இரண்டு கம்பெனிக்குப் போகாமலே இருந்து விடுகிறவர்களும் உண்டு. நன்றி கெட்டது முதலாளி வர்க்கம் மட்டும் அல்ல. ஆகையால் இரு தரப்பும் அன்பு, விசுவாசம் என்ற பேச்சைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, யோக்கியமான ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவது மேல்.

முதலாவது, நோட்டீஸ் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஊழியர் விலகினால் 90 நாள் இருந்து தீர வேண்டும், கம்பெனி விலக்கினால் இன்றே கடைசி நாள் என்பது எந்த ஊர் நியாயம்? இரண்டாவது, நீக்குவதற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். "நீயாகவே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிடு, சர்டிபிகேட் நன்றாகத் தருகிறோம்" என்று தனி அறையில் உட்கார்த்தி வைத்துக் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மூன்றாவது, பட்டத்தைக் கொடுத்துப் பாதுகாப்பைப் பறிக்கும் தந்திரத்தைச் சட்டம் மூட வேண்டும். நான்காவது, மாலை நேரத்தை மனிதனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸானது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு டெலிபோனில் வரும் ஆபீஸ் கடிதத்தை எந்த மசோதாவும் இன்னும் நிறுத்தவில்லை.

புதிய சட்டத் தொகுப்புகளில் ஒரு நல்ல அம்சம், வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமன உத்தரவை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது. குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வருஷம் முடிந்தால் கிராஜுட்டி உண்டு. உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகள், உத்தரவு கைக்கு வந்ததும் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. நோட்டீஸ் எத்தனை நாள், நீக்கினால் என்ன கிடைக்கும், வேலை நேரம் எவ்வளவு என்ற மூன்று வரிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். புரியாவிட்டால் வீட்டில் உள்ள பென்ஷன்காரரிடம் காட்டலாம். சாஸ்திரி அவார்டு காலத்து மனிதர்கள் இந்த மாதிரிக் காகிதங்களை வரி விடாமல் படிக்கத் தெரிந்தவர்கள்.